மலைநடைக்குப் பெயர் கொடுக்கும் முன்: புதிதாக வந்த மாணவருக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

முதுகலை படிக்க முனிச்சுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருக்கும் நிலையில், பல்கலைக்கழக விளையாட்டு அலுவலகம் பன்னாட்டு மாணவர்களுக்காகச் செப்டம்பர் இறுதியில் நடத்தும் மூன்று நாள் மலைநடைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு செலவு எவ்வளவு ஆகும், எந்த ஷூ வாங்க வேண்டும், பின்னாளில் வேலை தேடும்போது இதனால் ஏதேனும் பயன் உண்டா, வீட்டில் பயப்படுகிறார்களே என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெயர் கொடுங்கள். செலவு விவரம் அறிவிப்பிலேயே இருக்கும். வேலைக்கு உதவுமா என்று கணக்குப் பார்த்து மலையேறுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை; ஆகவே அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறேன். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். முன்பின் தெரியாத பல நாட்டு மாணவர்களோடு மலைப்பாதையில் நடக்கும்போது எப்படி வாய் திறந்து பேசுவது என்பதே அது.

செப்டம்பர் 20-ஐப் பன்னாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டு நாளாக யுனெஸ்கோ 2015-இல் அறிவித்தது. உங்கள் நிகழ்ச்சியும் அதை ஒட்டியே வருகிறது. பல்கலைக்கழக விளையாட்டு என்றதும் பதக்கமும் ஓடுதளமும் நினைவுக்கு வரலாம். இந்த ஊரில் அது பெரும்பாலும் பதக்கத்தோடு தொடர்பில்லாத, எல்லோருக்கும் திறந்திருக்கிற ஏற்பாடு. நேரம் குறிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. ஆனால் போட்டி இல்லை என்பதாலேயே ஆயத்தமும் தேவையில்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மலைக்கு இது போட்டியா உல்லாசமா என்ற வேறுபாடெல்லாம் தெரியாது.

முதலில், அறிவிப்பில் “சுலபமான நடை” என்று போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். நான் வந்த புதிதில் கேட்ட பொய்களில் அதிகச் சிரமம் கொடுத்தது இதுதான். சொன்னவர்கள் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளி விடுமுறைகளை மலையிலேயே கழித்து வளர்ந்த ஒருவருக்குச் சுலபமானது, சமதளத்தில் பேருந்து நிறுத்தம் வரைக்கும் மட்டுமே நடந்து பழகிய ஒருவருக்குச் சுலபமாக இருக்காது. ஆகவே எண்களைக் கேளுங்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம். கையில் எண்கள் இருந்தால் கணக்கை நீங்களே போடலாம். மணிக்கு 4 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், மணிக்கு 500 மீட்டர் இறக்கம் என்பது இங்குள்ள வழக்கமான அளவு. தூரத்துக்கான நேரத்தையும் உயரத்துக்கான நேரத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, பெரியதை முழுமையாகவும் சிறியதில் பாதியையும் சேர்க்க வேண்டும். 12 கிலோமீட்டரும் 1200 மீட்டர் ஏற்றமும் என்றால், ஏற்றத்துக்கான நான்கு மணியோடு, தூரத்துக்கான மூன்று மணியில் பாதியான ஒன்றரை மணி சேர்ந்து ஐந்தரை மணி நேரம் ஆகும். உட்காருவதற்கும் சாப்பிடுவதற்கும் படம் எடுப்பதற்கும் ஆகும் நேரம் இதில் அடங்காது. பாதையோரம் மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் நேரமும் ஓய்வைச் சேர்க்காத நேரம்தான். செப்டம்பர் 20 வாக்கில் இந்தப் பகுதியில் ஏழேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஹெட்லாம்ப் (நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு) ஏன் இருக்கிறது என்று புரியும்.

குளிரையும் இப்படியே கணக்கிடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். முனிச் 520 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் மீட்டருக்குச் சற்று மேலுள்ள ஒரு குடிலுக்கு, அதாவது மலைநடைக்காரர்கள் இரவு தங்கும் விடுதிக்குப் போனால், நகரத்தில் 18 டிகிரி இருக்கும் நாளில் அங்கே 8 டிகிரிதான் இருக்கும், காற்றடித்தால் அதைவிடவும் குறைவாகவே உணர்வீர்கள். அந்த உயரத்தில் செப்டம்பரில் பனி பெய்வதும் அதிசயமில்லை. பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துவிட்டு நெடுநேரம் காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பளி நூலாலோ செயற்கை நூலாலோ ஆன உள்சட்டை ஒன்று, நடுவில் ஒரு கதகதப்பான உடை, மேலே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட் ஆகியவை போதும். ஷூவைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதியைச் சொல்வேன்: புது ஷூவோடு மலைக்கு வராதீர்கள். வாங்கிய நாளிலிருந்து கடைக்கும் நூலகத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு நடங்கள். வந்து இறங்கிய வாரத்திலேயே விலையுயர்ந்த நிறுவனத்தின் பொருள்களைத் தலை முதல் கால் வரை வாங்க வைக்கும் ஆலோசகர்கள் நம்மவர்களிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கேபிள் காரில் ஏறி உச்சியில் படம் எடுத்துக்கொண்டு அதே கேபிள் காரில் இறங்கி வருகிறவர்கள் என்பது என் நீண்ட நாள் கவனிப்பு. கைத்தடி, முதுகுப்பை போன்றவற்றை மலையேறுவோரின் சங்கமான ஜெர்மன் ஆல்பைன் கழகத்தின் கிளைகள் தம் உறுப்பினர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கின்றன. விளையாட்டு அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இத்தகைய குழுக்களில் புதியவர்களுக்கு வரும் ஆபத்துகளில் பாதி மலையால் வருவதில்லை, கூச்சத்தால் வருகிறது. மொழி சரியாக வராது, மற்றவர்கள் எல்லோரும் நன்றாக நடப்பதுபோல் தெரியும், நம்மால் குழு தாமதமாகிறது என்று பெயர் வாங்கக் கூடாது என்று தோன்றும். ஆகவே குளிர்கிறது என்றோ தாகமாக இருக்கிறது என்றோ குதிகால் உரிகிறது என்றோ சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்போம். பத்து நாட்டு மாணவர்கள் இருக்கும் குழுவில் பத்துப் பேரும் இப்படியே நினைத்துக்கொண்டு நடப்பார்கள். முன்னால் போகும் வழிகாட்டி திரும்பிப் பார்த்து “எல்லாம் நலமா?” என்று கேட்டால், எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பி அவர் இன்னும் கொஞ்சம் வேகமாக நடப்பார்.

நான் மாணவனாக வந்த முதல் இலையுதிர் காலத்தில் இப்படி ஒரு குழுவோடு சுக்ஷ்பிட்ஸ மலைக்கு ரைன்டால் பள்ளத்தாக்கு வழியாகப் போனேன். ஜெர்மனியின் மிக உயரமான அந்தச் சிகரம் 2962 மீட்டர். பார்ட்னாக் ஆற்று இடுக்கில் தொடங்கும் இந்த வழி நீளமானது என்றாலும் ஏறுகருவிகள் அதிகம் தேவைப்படாத வழி. முதல் இரவு 1369 மீட்டரில் உள்ள ரைன்டாலாங்கர் குடிலில் தங்கினோம். மறுநாள் காலை அங்கிருந்து 2051 மீட்டரில் இருக்கும் க்னோர் குடிலுக்கு ஏறத்தாழ 680 மீட்டர் ஏற்றம். மணிக்கு 300 என்ற கணக்கில் அந்த ஏற்றம் மட்டுமே இரண்டேகால் மணி நேரம். எங்களை நடத்திச் சென்ற மாணவர் நல்லவர்தான், ஆனால் மானைப்போல ஏறுகிறவர். குழு ஒரு நீண்ட சரமாக இழுபட்டு, முன்னால் போனவர்கள் மூடுபனிக்குள் மறைந்துவிட்டார்கள். பின்னால் இருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோமே தவிர, யாரும் கூப்பிடவில்லை.

அப்போது ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ஒரு பெண், “நில்லுங்கள்” என்று பள்ளத்தாக்கே எதிரொலிக்கும்படி கத்தினார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து, நிதானமாக ஷூவின் நாடாவை அவிழ்த்து, காலுறையை உருட்டிக் கழற்றி, ஒரு நாணயத்தின் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்த குதிகாலை எல்லோருக்கும் காட்டினார். அடுத்த நிமிடம் கொரியாவிலிருந்து வந்திருந்தவர் தம் ஷூவைக் கழற்றினார், அவருக்குப் பக்கத்தில் ஒரு பிரேசில்காரர், அப்புறம் நான். ஆளுக்கொரு கொப்புளம். ஒருவரிடம் ஒட்டுப்பட்டி இருந்தது, இன்னொருவரிடம் கத்தரிக்கோல் இருந்தது, மூன்றாமவரிடம் காய்ந்த காலுறைகள் கூடுதலாக இருந்தன. அதுவரைக்கும் பேர், ஊர், படிப்பு என்ற மூன்று கேள்விகளைத் தாண்டாத எங்கள் உரையாடல் அந்தப் பாறையோரத்தில்தான் தொடங்கியது. அறிவிப்புத் தாளில் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று அச்சிட்டிருந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்காகவே நடத்திய அறிமுக விளையாட்டில் அது நடக்கவில்லை. திரும்பி வந்த வழிகாட்டி அந்தப் பெண்ணையே முன்னால் நடக்கவிட்டு, தாம் கடைசியில் வந்தார். மிக மெதுவாக நடப்பவர் வேகத்தைத் தீர்மானிப்பதும் அனுபவமுள்ள ஒருவர் கடைசி ஆளாக வருவதும் குழுநடையின் அடிப்படை என்று பின்னாளில் பயிற்சியில் கற்றுக்கொண்டேன். இப்போது மாணவர் குழுக்களோடு போகும்போது அந்தக் கடைசி இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆகவே நீங்கள் முதல் நாளே வழிகாட்டியிடம் போய், “எனக்கு இது முதல் தடவை, முழங்கால் எப்படி இருக்கும் என்று தெரியாது” என்று சொல்லிவிடுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. இங்குள்ளவர்கள் நம் முகத்தைப் பார்த்து மனத்தைப் படிக்க முயல மாட்டார்கள், நேராகச் சொன்னால் நேராக எடுத்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் அது எனக்கு இரக்கமின்மையாகப் பட்டது. மலையில் அது மிகப் பெரிய வசதி என்று இப்போது சொல்வேன். இறங்கும்போதும் இதையே கடைப்பிடியுங்கள். ஏறும்போது மூச்சு வாங்குவதால் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். களைத்த கால்களோடு பேசிக்கொண்டே இறங்கும்போதுதான் தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது சிலருக்குக் கசக்கும். குழுவில் நம் மொழிக்காரர் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டு நடக்காதீர்கள். பல வருடங்களாக இங்கே இருந்தும் தம் வாட்ஸ்அப் குழுவைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்களை நான் பார்க்கிறேன். இருபது பேராகச் சேர்ந்து, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு மலைக்குப் போய், “இந்த ஊர்க்காரர்கள் யாரும் நம்மோடு பேசுவதில்லை” என்று குறைப்படுவார்கள். ஸ்பானிய மொழிக்காரரும் சீன மொழிக்காரரும் இதையே செய்கிறார்கள் என்பதால் இது நமக்கு மட்டும் உள்ள நோய் என்று சொல்ல மாட்டேன். குறுகிய பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு நாட்டுக்காரர் வரும்படி நின்றுகொள்ளுங்கள், அது போதும்.

குடிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷூவை வாசலறையிலேயே கழற்றி வைக்க வேண்டும். வரிசையாக மெத்தை போட்ட பொதுக்கூடத்தில்தான் பெரும்பாலும் படுக்கை. உள்ளே புகுந்து படுத்துக்கொள்ளத் துணியாலான உள்ளுறைப் பையை நீங்களே கொண்டு போக வேண்டும். இரவு பத்து மணிக்குப் பேச்சு நின்றுவிடும். உங்கள் குப்பையை நீங்களே கீழே சுமந்து வர வேண்டும். பெயரையும் அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதையும் குடிலின் பதிவேட்டில் எழுதுங்கள். யாராவது காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

பாதை நிறங்களில் ஒரு சிக்கல் உண்டு. முனிச் இருக்கும் பவேரியா மாநிலத்திலும் ஆஸ்திரியாவிலும் நீலம் என்றால் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். சுவிட்சர்லாந்தில் வெள்ளை, நீலம், வெள்ளை என்று பட்டையடித்திருந்தால் அது மிகக் கடினமான ஆல்பைன் பாதை. இங்கே கற்றுக்கொண்டு அங்கே போகிறவர்கள் தடுமாறும் இடம் இது. மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் பசுவைக் கண்டால் மாடுதானே என்று தடவிக்கொடுக்கப் போகாதீர்கள். தள்ளி, சுற்றிப் போங்கள். அவசர எண் 112. தொலைபேசி வேலை செய்யாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விளக்கடிப்பதோ ஊதுவதோ அபாய அறிவிப்பு, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் அதையே செய்ய வேண்டும். மூன்று முறை பதில் வந்தால் யாரோ கவனித்துவிட்டார்கள் என்று பொருள்.

காப்பீட்டை மட்டும் இன்றே விசாரியுங்கள். பல்கலைக்கழகம் தானே நடத்தும் விளையாட்டு நிகழ்ச்சியில் பதிவுபெற்ற மாணவருக்குச் சட்டப்படியான விபத்துக் காப்பீடு உண்டு. நண்பர்களாகச் சேர்ந்து போகும் நடைக்கு அது கிடையாது. ஆனால் பல்கலைக்கழகத்தின் குளிர்காலப் பருவம் (செமஸ்டர்) அக்டோபர் 1-இல்தான் தொடங்குகிறது. செப்டம்பர் இறுதியில் நீங்கள் அவர்கள் கணக்கில் மாணவரா இல்லையா என்பதை விளையாட்டு அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1869-இல் தொடங்கிய ஜெர்மன் ஆல்பைன் கழகத்தில் உறுப்பினரானால் மலைமீட்புச் செலவுக்கான காப்பீடும் கிடைக்கும், கழகக் குடில்களில் தங்கும் கட்டணமும் குறையும். இங்கு வந்து நான் சேர்ந்த சங்கங்களிலேயே சந்தா கட்டியதற்கு வருந்தாத ஒன்று அது.

வீட்டாருக்கு வீர வசனம் எதுவும் தேவையில்லை. எந்தத் தேதியில் எந்தக் குடில், குழுவில் எத்தனை பேர், விளையாட்டு அலுவலகத்தின் எண் என்ன என்று எழுதி அனுப்புங்கள். இரண்டு இரவுகள் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதையும், மூன்றாம் நாள் மாலை ரயில் நிலையத்துக்கு வந்ததும் நீங்களே அழைப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரயில் தாமதமாகத்தான் வரும் என்பதால் நேரத்தை மட்டும் குறிப்பிடாதீர்கள்.