கொடியை வாங்கும் முன் இடத்தை அளந்துவிடுங்கள்

கேள்வி: சென்னையில் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனி கிரில் 7 அடி அகலம், 6 அடி உயரம். மாலை நேர வாசத்துக்காக ரங்கூன் மல்லி வாங்க ஆசை. "ரொம்ப வளர்ந்தா வெட்டி விட்டுக்கலாம்மா" என்கிறார் நர்சரிக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: வெட்டிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால், வெட்டிக்கொண்டே இருந்தால் பூக்குமா என்பதைக் கேட்டீர்களா? ரங்கூன் மல்லி அந்தப் பருவத்தில் விட்ட இளங்கிளையின் நுனியில்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வாராவாரம் நுனியை வெட்டினால் இலை மட்டுமே மிஞ்சும். வெட்டாமல் விட்டால் மேல்வீட்டு கிரில், ஏசி வெளிப்பெட்டி, மழைநீர்க் குழாய் எல்லாவற்றையும் சுற்றிக்கொள்ளும். தரையில் வேர் பிடித்த கொடி 20 அடிக்கு மேல் ஏறுவது சாதாரணம். 6 அடி உயரத்துக்குள் அடக்க நினைத்தால் இந்த இழுபறி ஓயாது.

முதலில் வெயிலைப் பாருங்கள். பால்கனியில் நேரடி வெயில் 5 மணி நேரமாவது விழ வேண்டும். அது இல்லாவிட்டால், பூப்பதற்காக எந்தக் கொடியை வாங்கினாலும் பணம் வீண். வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டே போகும், மொட்டு வைக்காது.

வெயில் இருந்து, வாசம்தான் வேண்டும் என்றால் எங்கள் பரிந்துரை முல்லை. ஒரு 14 அங்குலத் தொட்டி போதும். ஜனவரி கடைசி வாரத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிக் குறைத்தால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கிளைத்துப் பூக்கும். உங்கள் கிரில் அளவு அதற்குச் சரியாக இருக்கும். நிறம்தான் முக்கியம் என்றால் பூண்டுக்கொடி நல்லது. இலையைக் கசக்கினால் பூண்டு மணக்கும், பூ ஊதா. அது பூத்து ஓய்ந்ததும் வெட்ட வேண்டும். காகிதப்பூவைக் குறுகிய பால்கனிக்குச் சொல்ல மாட்டோம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அந்த முள் ஆகாது.

ரங்கூன் மல்லியேதான் வேண்டும் என்றால் குட்டை ரகத்தைத் தேடுங்கள். குட்டை ரகத்தில் கணுவுக்குக் கணு இடைவெளி குறைவாக இருக்கும். தொட்டியிலேயே புதராக நின்று பூத்திருக்கும். பூக்காத கன்றைக் காட்டி "இது குட்டைதான்" என்றால் வாங்காதீர்கள். சாதாரண ரகத்தின் இளங்கன்றும் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும்.

கன்று எடுக்கும்போது உயரமானதைத் தேட வேண்டாம். மூங்கில் குச்சியில் கட்டி 5 அடி நிற்கும் ஒற்றைத் தண்டு கீழே மொட்டையாகவே இருக்கும். அடியிலிருந்தே இரண்டு மூன்று கிளை பிரிந்த, 2 அடி கன்று மேல். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். தடித்த வேர் துளை வழியே வெளியே வந்து சுருண்டிருந்தால், நெடுநாள் அதே பையில் கிடந்த கன்று என்று பொருள். இலைக்காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் மற்றச் செடிக்கும் பரவும்.

கேள்வி: வீட்டு வாசலில் தரையில் வைத்த ரங்கூன் மல்லி மொட்டைமாடியைத் தாண்டிவிட்டது. கீழே வெறும் குச்சி, பூ எல்லாம் மேலேதான். பக்கத்து வீட்டுச் சுவரிலும் ஏறுகிறது. எடுத்துவிட மனமில்லை. அடக்க முடியுமா? — மதுரை வாசகர்

பதில்: முடியும். இந்தக் கொடி கடுமையான கவாத்தைத் தாங்கும். காலம் முக்கியம்: தை கடைசி அல்லது மாசி முதல் வாரம். பூப்பு ஓய்ந்திருக்கும், வெயில் ஏறும்போது துளிர் வேகமாக வரும். ஆடி, ஆவணியில் வெட்டினால் அந்தப் பருவப் பூ போய்விடும்.

மேலிருந்து தொடங்க வேண்டாம். எல்லாத் தண்டுகளையும் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டு, மேலே உள்ளதை ஒரு வாரம், பத்து நாள் அப்படியே விடுங்கள். இலை காய்ந்து உதிர்ந்து எடை குறையும். அதன்பின் மாடியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து எடுங்கள். பச்சையாக இருக்கும்போது ஒரேயடியாக இழுத்தால் பிவிசி குழாயும் சேர்ந்து வந்துவிடும். முற்றிய தண்டில் இலைக்காம்பின் அடிப்பகுதி முள்ளாக மாறி நிற்கும். தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கொடி மின்கம்பியைத் தொட்டிருந்தால் அந்தப் பக்கம் கையே வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை.

இரண்டு மூன்று வாரத்தில் கணுக்களில் துளிர் கிளம்பும். அதில் பலமான 5 கிளைகளை வைத்துக்கொண்டு மற்றதை உரித்துவிடுங்கள். அடித்தண்டுக்குச் சற்றுத் தள்ளி வேரிலிருந்து முளைக்கும் பக்கக்கன்றை மண்மட்டத்தில் வெட்டினால் இரண்டாக வரும். மண்ணைக் கிளறி, வேரோடு சேரும் இடத்தில் பிய்த்தெடுக்க வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. கிளையை நேராக மேலே விடாதீர்கள். நேராக ஏறும் தண்டில் நுனி மொட்டு கீழ்க் கணுக்களை அடக்கி வைக்கும்; கீழே குச்சியாகிப்போவதற்குக் காரணம் இதுதான். சுவரில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக 12 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியைக் கிடையாக இழுத்து, ஒவ்வொரு கிளையையும் இளசாக இருக்கும்போதே கம்பியோடு படுக்கவைத்துக் கட்டுங்கள். படுத்த கிளையின் கணுதோறும் பக்கக்கிளை வரும், பூவும் கண்மட்டத்தில் கிடைக்கும். கம்பிக்கும் சுவருக்கும் 3 அங்குலமாவது இடைவெளி வேண்டும். கட்ட நைலான் கயிறு வேண்டாம். தண்டு பருத்ததும் அறுக்கும். பழைய பருத்திச் சேலைக் கிழிசலே போதும்.

பங்குனி முடியும்வரை நுனி கிள்ளலாம். சித்திரை பிறந்த பிறகு கிள்ளாதீர்கள். யூரியா கூடவே கூடாது. தழைச்சத்து கூடினால் இலைதான் வளரும், பூ குறையும். தரையில் நிற்கும் கொடிக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கூடை மக்கிய தொழுஉரம் போதும்.

பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகும் கிளைகளை மட்டும் மாதம் ஒருமுறை அடியோடு எடுத்துவிடுங்கள். நுனியை மட்டும் நறுக்கினால் அதே திசையில் மூன்று கிளை போகும்.

கேள்வி: கவாத்துக்கு எந்தக் கத்தரி வாங்குவது? செட்டாக ஐந்து கருவி விற்கிறார்கள்.

பதில்: செட் வேண்டாம். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் செக்கேட்டர் (கவாத்துக் கத்தரி) ஒன்று, சிறு கைரம்பம் ஒன்று. இவை போதும். ஓர் அலகு மட்டும் கூர்மையாகத் தட்டையான தகட்டின் மேல் அமுங்கும் வகை காய்ந்த குச்சிக்குத்தான். பச்சைத் தண்டை நசுக்கிவிடும், அந்த இடம் அழுகும். கடையிலேயே ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். கிழிக்காமல் நுனிவரை வெட்ட வேண்டும். ஸ்பிரிங், அலகு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கட்டைவிரல் தடிமனுக்கு மேற்பட்ட தண்டுக்கு ரம்பம். வேலிக் கத்தரியைக் கொடிக்குப் பயன்படுத்தாதீர்கள். வெளியே மட்டும் அடர்ந்து உள்ளே காய்ந்த கூடாகிவிடும்.

கேள்வி: இணையதளத்தில் "குட்டை ரகம், 4 அடிக்கு மேல் வளராது" என்று போட்டிருந்த கொடியை வாங்கினேன். எட்டு மாதத்தில் 12 அடி. விற்றவர் "உங்கள் மண் அப்படி" என்கிறார். — கோவை வாசகி

பதில்: மண் வளமாக இருந்தால் குட்டை ரகமும் கொஞ்சம் கூடும், மூன்று மடங்கு போகாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், மாற்றிவிடுவார்கள். பில், ஆர்டர் எண், அளவுகோல் வைத்து எடுத்த கொடியின் படம் மூன்றையும் சேர்த்துத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமானால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, காலக்கெடு இரண்டு ஆண்டு. நேரடியாக நர்சரியில் வாங்குபவர்களும் ரகத்தின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை ஆணையத்தில் நிரூபிப்பது கடினம்.

கேள்வி: வளர்ச்சியைக் குறைக்கும் மருந்து ஊற்றினால் வெட்ட வேண்டியதில்லையா?

பதில்: பெரும்பாலும் அது பேக்லோபூட்ரசால். மாமரத்தில் பூ வரவைக்கப் பயன்படுவது. மண்ணில் நெடுநாள் தங்கும்; அளவு கூடினால் இலை சுருங்கிச் செடி அப்படியே நின்றுவிடும், சரிசெய்வது கடினம். அதே மண்ணில் கீரை போடுகிறவர்கள் நினைத்தும் பார்க்க வேண்டாம். வீட்டுக் கொடிக்குத் தேவையில்லை.

கேள்வி: 15 அங்குலத் தொட்டியில் இரண்டு ஆண்டு அடக்கமாக இருந்த கொடி இந்த மழையில் திடீரென்று பாய்ந்து வளர்கிறது. உரமே வைக்கவில்லை.

பதில்: தொட்டி மண்தரை மேல் இருக்கிறதா? அப்படியானால் அடித்துளை வழியே வேர் தரைக்குள் இறங்கிவிட்டது. தொட்டியை மெல்லச் சாய்த்து, வெளியே வந்த வேரை வெட்டுங்கள். அன்றே மேல்கிளையில் மூன்றில் ஒரு பங்கையும் குறைத்தால்தான் வாடாது. ஒரு வாரம் நிழல்படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தொட்டியை மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்து, மாதம் ஒருமுறை அடியில் கை விட்டுப் பாருங்கள்.