எந்தக் கச்சேரி?

கேள்வி: தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கும் என் மகள், பெரிய மேடைகளில் வாசிக்கும் பியானோக் கலைஞராக வர வேண்டும் என்கிறாள். பியானோக் கச்சேரி செய்தே ஒருவர் சீவிக்க முடியுமா?
– ஒரு வாசகர், மல்லாவி

பதில்: 'கச்சேரி' என்று எழுதிவிட்டீர்கள், இனி என் பேனாவை யார் பிடிப்பது? சென்னையில் கச்சேரி என்றால் தொடையில் தாளம் போடுவார்கள். வன்னியில் கச்சேரி என்றால் தலையில் கை வைப்போம். பெயர்ப்பலகையில் மாவட்டச் செயலகம் என்று எழுதி எத்தனையோ வருடம் ஆயிற்று. ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் "கச்சேரியடியில் இறக்கிவிடு தம்பி" என்றுதான் வாயில் வருகிறது. இரண்டும் ஒரே சொல்தான். நீதிமன்றத்துக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் வழங்கிய உருதுச் சொல் அது. அக்கரையில் அது பாடக் கற்றுக்கொண்டது. இக்கரையில் ஃபைல் தூக்கவே பழகியது.

இடப்பெயர்வில் தொலைந்த காணிப் பெர்மிற்றுக்குப் பிரதி கேட்டு ஒரு கச்சேரிக்கு நாலு தரம் போய்விட்டேன். எந்த மாவட்டம் என்று சொல்லமாட்டேன், திரும்பவும் போக வேண்டியிருக்கிறது. முதல் நாள் இருந்தவர் என் கதையை முழுக்கக் கேட்டு, கண் கலங்கி, நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்குப் போனால் அவருக்கு இடமாற்றம். அடுத்து வந்தவருக்கு மெல்லப் பேசினால் கேட்காது. அதற்கடுத்தவருக்கு உரத்துப் பேசினால் கோபம் வரும். நாலாம் தரம் கதிரை மட்டும் இருந்தது, அதன் முதுகில் ஒரு துவாய். கொஞ்ச நேரம் துவாயிடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். முந்திய மூவரையும்விடப் பொறுமையாகக் கேட்டது.

சிரிக்காதீர்கள், பியானோக் கலைஞரின் பிழைப்பும் இதுதான். நாதஸ்வரக்காரர் தன் குழலை உறையில் போட்டுக்கொண்டு வருவார். தவில்காரர் மோட்டார் சைக்கிளில் கட்டியாவது தன் தவிலைக் கொண்டுவருவார். வயலின்காரர் தன் வயலினைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு யாழ்தேவியில் வந்து இறங்குவார். பியானோக்காரர் மட்டும் வெறுங்கையோடு வருவார். பெரிய மண்டபங்களில் நிற்கும் ஸ்டெயின்வே 'டி' என்ற பியானோ ஒன்பதடி நீளம், ஏறக்குறைய 480 கிலோ. ஆகவே ஊருக்கு ஊர் முன்பின் தெரியாத ஒரு பியானோ. ஒன்றின் கட்டைகள் அழுத்தினால் அசையாது, இன்னொன்று தொட்ட உடனே கத்தும். பகலில் கொஞ்ச நேரம் அதோடு பேசிப் பழகி, இரவே அலுவலை முடித்துவிட வேண்டும். நாளைக்கு வா என்ற கதை அங்கே கிடையாது.

எல்லோரும் இதைத் தாங்கவில்லை. பேர்பெற்ற பியானோக்காரர் ஹொரோவிட்ஸ் தன் சொந்தப் பியானோவையே ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போனார். 1986இல் மொஸ்கோவுக்கும் அது கூடப் போனது. இன்னொரு பியானோக்காரர் கிளென் கூல்ட், தகப்பன் உயரம் குறைத்துக் கொடுத்த மடக்குக் கதிரையோடு திரிந்தார். 1964இல், 31 வயதில், மேடையே வேண்டாம் என்று ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார். பியானோக்காரர் ரிக்டர் வேறு சாதி. பியானோவைத் தெரிந்தெடுப்பதே அவருக்குப் பிடிக்காது. ஹொரோவிட்ஸ் பியானோவோடு மொஸ்கோவில் இறங்கிய அதே 1986இல், 71 வயதில், சைபீரியா ஊடாகக் காரில் போய்ச் சின்னச் சின்ன ஊர்களில் வாசித்தார். நான் ரிக்டர் கட்சி. ஆனால் காணிக் கிளையில் நிற்கும்போது ஹொரோவிட்ஸ் கட்சி: கிளார்க்கையும் வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றும்.

சொல்லுச் சண்டை நமக்கு மட்டும் வாய்த்ததல்ல. 1840இல் பியானோக்காரர் லிஸ்ட் லண்டனில் தன் நிகழ்ச்சியை 'ரிசைட்டல்', அதாவது ஒப்புவித்தல், என்று விளம்பரம் செய்தார். பாட்டை ஒப்புவிக்கலாம், பியானோவில் எதை ஒப்புவிப்பது என்று அந்த ஊர்க்காரர் கேட்டார்களாம். இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர்.

இன்னொன்று. அந்தப் பெரிய மண்டபப் பியானோவுக்குள் 230க்கு மேற்பட்ட தந்திகள். எல்லாமாகச் சேர்ந்து இழுக்கும் இழுவை 20 தொன்னை நெருங்கும், இரண்டு லொறி நெல்லின் பாரம். அதனால்தான் இரண்டாயிரம் பேர் இருக்கும் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் மைக் இல்லாமல் கேட்கிறது. மைக் இல்லாமல்! இதை நான் பியானோவுக்காகச் சொல்லவில்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். நாதஸ்வரமும் தவிலும் வெளிவீதிக்கென்றே பிறந்தவை. அவற்றின் வாயிலும் மைக்கைத் திணித்து, வேம்பிலும் பனையிலும் குழாய் கட்டி, ஏ9 வீதியில் போகிற லொறிக்காரனுக்கும் தோடி ஊட்டுவது எதற்கு? முன்பு இதே பக்கத்தில் இப்படி எழுதியதற்காக ஒரு தர்மகர்த்தா சந்தாவை நிறுத்தினார். இப்போது பக்கத்து வீட்டுப் பிரதியை இரவல் வாங்கி வாசிக்கிறார் என்று கேள்வி. வணக்கம் ஐயா.

சரி, சீவிக்க முடியுமா என்று கேட்டீர்கள். பியானோக் கலைஞர் கிளாரா ஷுமான் 1828இல், ஒன்பது வயதில், லைப்சிக் மேடையில் ஏறினார். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். 1854இல் கணவரை மனநல விடுதியில் சேர்க்க வேண்டி வந்தது, இரண்டு வருடத்தில் அவர் காலமானார். பிறகு குடும்பத்துக்குச் சோறு போட்டது கிளாராவின் பத்து விரல். கடைசியாகப் பொதுமேடையில் வாசித்தது 1891இல். அறுபத்து மூன்று வருடச் சேவை, பென்சன் இல்லை.

மகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். அவளுடைய கீபோர்டில் 61 கட்டைதான் இருக்கும், அங்கே 88. கொழும்புக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவரின் பியானோவில், ஒவ்வொரு தரமும் வேறொன்றில், கேட்டு வாசித்துப் பார்க்கட்டும். வெட்கப்படத் தேவையில்லை. வாங்கி மல்லாவிக்கு ஏற்றிவர இப்போதைக்கு யோசிக்காதீர்கள்: கோடையில் பலகை காய்ந்து சுருதி இறங்கும், மார்கழி மழையில் ஊறி ஏறும், சுருதி சேர்க்க ஆள் தேடியே நீங்கள் கிழவராகிவிடுவீர்கள்.

நான் திங்கட்கிழமை கச்சேரிக்குப் போகிறேன். கதிரையில் யார் இருக்கிறாரோ.