டெண்டரில் தள்ளிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை: ஆர்டிஐ போடவா, ஹைகோர்ட் போகவா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் சிறிய இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். வாய்க்கால் மதகுகளுக்கு ஷட்டர் செய்வது, துருப்பிடித்த திருகு மாற்றுவது, இதுதான் இருபது வருடத் தொழில். உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உண்டு. போன மாதம் ஒரு அரசு அலுவலகம் 38 ஷட்டர்கள் செய்து பொருத்தித் தர 46 லட்ச ரூபாய் மதிப்பில் இணையத்தில் டெண்டர் விட்டது. எட்டு நாள்தான் அவகாசம். எப்படியோ போட்டுவிட்டேன். தொழில்நுட்பக் கட்டத்திலேயே ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒற்றைச் சொல்லோடு தள்ளிவிட்டார்கள். நேரில் கேட்டால் ‘கமிட்டி முடிவு’ என்கிறார்கள். நான்கு நாள் முன்பு விலைப்புள்ளியைத் திறந்து வேறொருவருக்கு முடிவு செய்ததாகத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். அதே அலுவலகம் முன்பு நான் கொடுத்த ஷட்டர்களுக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் பாக்கி வைத்திருக்கிறது. 14 மாதம் ஆகிறது. அதைக் கேட்டதால்தான் என்னைத் தள்ளினார்களோ என்று சந்தேகம். ‘ரொம்பக் கேட்டால் கருப்புப் பட்டியல்தான்’ என்றும் ஒருவர் சொன்னார். ஆர்டிஐ போடட்டுமா, நேராக ஹைகோர்ட் போகட்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்களிடம் மீதமிருப்பது ஆறு நாள். அதை வேறு காகிதத்துக்குச் செலவழியுங்கள்.

நம் பக்கத்தில் கொள்முதல் என்றால் நெல்தான். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வயிறு பெரிது. அரசு காசு கொடுத்து வாங்கும் சாக்கு, பள்ளிக்கூட பெஞ்சு, தூர்வாரும் வேலை, உங்கள் ஷட்டர் எல்லாம் அதில் அடங்கும். தமிழ்நாட்டில் இதற்கென்று 1998-இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. 2000-இல் விதிகள் வந்தன. அரசுத் துறைகள் மட்டுமல்ல, உள்ளாட்சி அமைப்புகள், வாரியங்கள், அரசு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. பெட்டியில் கவர் போடப் போனவரை வாசலிலேயே மறித்து ‘ரிங்’ பேசிய, அதாவது யார் எடுப்பது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்ட, காலத்தைப் பார்த்தவன் நான். இப்போது டிஜிட்டல் கையொப்பத்தோடு வீட்டிலிருந்தே போடுகிறோம். வாசலில் நின்ற ஆட்கள் போய்விட்டார்கள், சரி. ஆனால் முன்பு முகத்துக்கு நேரே சொன்ன ‘இல்லை’யை இப்போது திரை சொல்கிறது. திரையிடம் ‘ஏன்?’ என்று கேட்க முடியவில்லை.

கேட்கும் இடம் சட்டத்தில் இருக்கிறது. டெண்டரை ஏற்கும் அதிகாரி, யாருக்கு முடிவானது என்பதோடு மற்றவர்களை ஏன் நிராகரித்தார் என்ற காரணத்தையும் டெண்டர் விவரங்களை வெளியிடும் இதழான டெண்டர் புல்லட்டினுக்கு அனுப்ப வேண்டும் என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. ‘கமிட்டி முடிவு’ என்பது காரணம் ஆகாது. முடிவு எடுத்தது யார் என்பதற்கான பதில், அவ்வளவுதான். அந்த உத்தரவால் பாதிக்கப்பட்டவர் உத்தரவு கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் அரசுக்கு, அதாவது அந்தத் துறையின் செயலருக்கு, 11-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதை 15 நாளில் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடுவில் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

உங்களுக்கு உத்தரவு கையில் வரவில்லை, தளத்தில்தான் பார்த்தீர்கள். ‘எனக்கு உத்தரவே வரவில்லை, பத்து நாள் இன்னும் ஆரம்பிக்கவில்லை’ என்று வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். தளத்தில் பார்த்த தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

ஆர்டிஐ வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. பதில் வரட்டும், அப்புறம் அப்பீல் என்று உட்கார்ந்தவர்கள் என் அலுவலகத்துக்கு வரும்போது காலம் போயிருக்கும். ஆர்டிஐ போடுங்கள், ஆனால் மேல்முறையீட்டைத் தபாலில் சேர்த்த மறுநாள் போடுங்கள்.

இனி உங்கள் வழக்கின் பலவீனத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ஸ்கேன்களில் முன் அனுபவச் சான்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையொப்பத்தின் கீழே ரப்பர் ஸ்டாம்பின் மை பரவி முதல் சொல் பாதி அழிந்திருக்கிறது. அந்தச் சொல் ‘உதவி’. அதாவது கையெழுத்துப் போட்டது உதவி செயற்பொறியாளர். டெண்டர் ஆவணத்தில் நீங்களே மஞ்சள் பூசி அனுப்பிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைப் பாருங்கள்: ‘செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி வழங்கிய சான்று’ என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லாத காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் முடிந்ததா? முடியவில்லை. டெண்டர் நிபந்தனைகளில் உயிரானவை உண்டு, ஒட்டுப் போன்றவை உண்டு. 1991-இல் போத்தார் ஸ்டீல் வழக்கில் ஸ்டேட் வங்கியின் டிராஃப்டுக்குப் பதிலாக வேறொரு வங்கியின் சான்றளித்த காசோலை கொடுத்திருந்தார்கள். அந்த மாதிரி துணை நிபந்தனையை அதிகாரி தளர்த்திக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். இதைப் படித்துவிட்டு எல்லோரும் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் தளர்த்தும் அதிகாரம் அலுவலகத்துக்கு உண்டு என்பதுதான் தீர்ப்பு. தளர்த்தியே ஆக வேண்டும் என்று நீங்கள் கேட்கும் உரிமை அல்ல. உங்கள் வாதம் வேறு இடத்தில் நிற்க வேண்டும்: டெண்டரை எடுத்தவரின் சான்றில் யார் கையொப்பம்?

கொள்முதல் நிலையத்தில் நடப்பதுதான் இது. ஈரப்பதம் 17 சதவீதம் என்றால் எல்லா மூட்டைக்கும் 17. என் நெல் 18 காட்டுகிறது என்று திருப்பினால் நான் வாயை மூடிக்கொண்டு களத்தில் கொட்டிக் காய வைக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் நின்றவரின் 18 உள்ளே போயிருந்தால், ‘மெஷினைக் காட்டுங்க’ என்று கேட்காமல் விடமாட்டேன். டெண்டரில் உங்களுக்கு வேலை கிடைக்கும் உரிமை கிடையாது. எல்லோருக்கும் ஒரே மெஷின் என்ற உரிமை உண்டு. அரசு தான் வகுத்த தகுதி நிபந்தனையைத் தானே ஆளுக்கொரு விதமாக்க முடியாது என்பது 1979-இன் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கிலிருந்து நிலைத்த சட்டம்.

ஆகவே மேல்முறையீட்டில் இரண்டே விஷயம் போதும். காரணம் சொல்லாமல் நிராகரித்தது. ஏற்கப்பட்டவரின் ஆவணங்களும் அதே அளவுகோலில் பார்க்கப்பட்டனவா என்று பதிவேடுகளை வரவழைத்துப் பார்க்கக் கேட்பது. பில் பாக்கிக்காகப் பழிவாங்கினார்கள் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடாதீர்கள். கெட்ட எண்ணம் என்று குற்றம் சாட்டினால் ஆளைப் பெயர் சொல்லி எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும், நிரூபிக்க வேண்டும். பாக்கி கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தின் தேதி, நிராகரித்த தேதி, இரண்டையும் மட்டும் அடுத்தடுத்துப் போடுங்கள். படிப்பவருக்குப் புரியும்.

எட்டு நாள் அவகாசம் பற்றி நீங்கள் கொதிப்பது நியாயம். இரண்டு கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்பது 20-ஆம் விதி. குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்குள் வேலை முடிய வேண்டும் என்று காரணம் எழுதியிருப்பார்கள். டெல்டாவில் பாதி டெண்டர்களுக்கு அதுதான் காரணம். மேட்டூர் திடீரென்று ஜூனில் வருவதில்லை, கோப்புதான் திடீரென்று நகர்கிறது. ஆனால் நீங்கள் அந்த எட்டு நாளிலேயே போட்டுவிட்டீர்கள். கலந்துகொண்டு, தோற்ற பிறகு அவகாசம் போதவில்லை என்றால் நீதிமன்றம் காது கொடுப்பது கஷ்டம். அடுத்த முறை கடைசித் தேதிக்கு முன்பே ஒரு வரி ஆட்சேபம் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அப்புறம் போடுங்கள்.

ஹைகோர்ட் பற்றி. முதல் கேள்வியே ‘11-ஆம் பிரிவில் போனீர்களா?’ என்று வரும். போய்விட்டு வந்தாலும் தடை கிடைப்பது சுலபமில்லை. 1994-இன் டாடா செல்லுலார் தீர்ப்பு முதல், முடிவு எடுத்த விதத்தைப் பார்ப்போம், முடிவைத் திருத்தி எழுத மாட்டோம் என்பதுதான் நிலை. 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் இன்னும் இறுக்கினார்கள்: அப்பட்டமான முறைகேடே தெரிந்தாலும் வேலையை நிறுத்துவதைவிட நஷ்ட ஈடு வழிக்கு அனுப்புவதே மேல் என்கிற அளவுக்கு. கட்டமைப்பு வேலைகளுக்குத் தடை தரக் கூடாது என்று 2018-இல் குறித்த தீர்வழிச் சட்டத்தில் (Specific Relief Act) சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் பாசன வாய்க்காலும் இருக்கிறது. தண்ணீர் வரும் நேரத்தில் ஷட்டர் வேலையை நிறுத்துங்கள் என்று எந்த நீதிபதி முன்னால் போய் நிற்பது? ரிட் மனு என்றால் உங்களுக்குச் சென்னை. கும்பகோணத்துக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், அடுத்த பஸ் தூரத்தில் இருக்கும் குடவாசல்காரருக்குத் திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னை. வருடத்துக்கு ஒருவராவது மாற்றிப் போய் நிற்கிறார்கள்.

ஒன்று சரிபாருங்கள். வெண்ணாறு உபவடிநிலப் பணிகள் போல ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கும் வேலையாக இருந்தால் அந்த வங்கியின் கொள்முதல் விதிகள் முன்னால் வந்துவிடும், புகார் வழியும் மாறும். டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

பழைய பாக்கிதான் உண்மையில் உங்கள் பலமான வழக்கு. 2006-இன் சிறு, குறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி பொருளை ஏற்றபின் எந்த ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்கியது அரசு என்பதால் விலக்கு இல்லை. இந்தப் பாக்கிகளை விசாரிக்க அதே சட்டத்தில் அமைத்த வசதியாக்க மன்றத்தில் மனுப் போடுங்கள். திருச்சியில் மண்டல மன்றம் இருக்கிறது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போவதானால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். உத்யம் பதிவின் தேதி ஷட்டர் கொடுத்ததற்கு முந்தியதா? அந்தத் தடவை பொருளை மட்டும் கொடுத்தீர்களா, பொருத்தியும் தந்தீர்களா? பொருத்துவதும் சேர்ந்த ஒப்பந்த வேலைக்கு இந்தச் சட்டம் வராது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இன்வாய்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் மூன்று மடங்கு வட்டி நிற்கிறது.

கருப்புப் பட்டியல் மிரட்டலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விசாரிக்காமல் அதைச் செய்ய முடியாது என்று 1975-இலேயே தீர்ப்பு உண்டு. கருப்புப் பட்டியலில் வைக்கப் போகிறோம் என்று நோட்டீசிலேயே தெரியும்படி இருக்க வேண்டும் என்று 2014-இன் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் சேர்த்துச் சொன்னார்கள். பாக்கி கேட்டது குற்றமல்ல. நோட்டீஸ் வந்தால் மட்டும் என்னிடம் கொண்டு வாருங்கள்.

இன்றைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது: அந்த ‘நிராகரிக்கப்பட்டது’ பக்கத்தையும், முடிவு அறிவித்த பக்கத்தையும் தேதி, நேரம் தெரியும்படி அச்செடுங்கள், தளத்தில் பக்கங்கள் மாறும். நாளை டெண்டர் கோரிய அதிகாரிக்குக் காரணம் கேட்டு ஒரு கடிதம். பதிலுக்காகக் காத்திராமல் மறுநாள் செயலருக்கு மேல்முறையீடு, ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும். அப்புறம் அந்த அனுபவச் சான்றைத் தூக்கிக்கொண்டு போய், அந்த வேலையைக் கொடுத்த கோட்டத்தின் செயற்பொறியாளரிடம் மேலொப்பம் வாங்கிவிடுங்கள். இந்த டெண்டருக்கு அது உதவாது. தையில் வேறு டெண்டர் வரும். ஸ்டாம்பு காய்ந்த பிறகு மடியுங்கள்.