தகரக் கூரைச் சத்தத்தில் மழையை அளக்கலாமா?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் தரைவீட்டில் இருக்கிறோம். கார் நிறுத்துமிடத்துக்கு மேலே தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு முன்னால் உள்ள லோங்காங் (மழைநீர் வடிகால்) நிரம்பி, தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். பழைய கைப்பேசி ஒன்றைக் கூரைக்குக் கீழே வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்தால், எத்தனை மில்லிமீட்டர் மழை என்று ஏஐ சொல்லிவிடும் என்கிறான் பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன். உண்மையா? வெள்ள எச்சரிக்கைக்கு அதை நம்பலாமா?

பதில்: மழையை அளக்கும் விஷயத்தில் மகன் சொல்வது பெரும்பாலும் சரி. எச்சரிக்கை மணி வேறு கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கூரை என்ன செய்கிறது என்று பாருங்கள். 1 மி.மீ. விட்டமுள்ள துளி நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் விழும். 5 மி.மீ. துளிக்கு அந்த வேகம் சுமார் 9 மீட்டர். ஒரு பெரிய துளியில் 125 சின்னத் துளிகளின் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அது கூரையில் கொடுக்கும் அடியின் ஆற்றல், அந்த 125 துளிகளும் சேர்ந்து கொடுப்பதைப் போல் ஐந்து மடங்கு! இடிமழை தொடங்கும்போது 'படபட'வென்று நான்கு துளி விழுந்தாலே காது அடைக்கிறதே, அதற்கு இதுதான் காரணம். விடிய விடிய நசநசவென்று தூறினால் கூரையில் சத்தமே இருக்காது, ஆனால் வாளியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதனால் சத்தத்தின் அளவை, அதாவது டெசிபலை மட்டும் பார்த்து மில்லிமீட்டர் சொன்னால் ஏமாந்துபோவோம்.

உதாரணங்களைப் பார்த்துத் தானே பழகும் ஏஐ முறையான இயந்திரக் கற்றல் உதவுவது இங்கேதான். சத்தத்தின் அளவோடு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல், துளிகள் தனித்தனியாகத் தட்டுகின்றனவா, ஒரே இரைச்சலாகக் கலந்துவிட்டனவா என்பதையும் அது சேர்த்துப் பார்க்கும். ஆனால் உங்கள் கூரைக்குப் பழகியது பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரைக்கு உதவாது. இணையத்தில் கிடைக்கும், ஏற்கெனவே பழக்கிய ஏஐ மாடலை இறக்கி அப்படியே மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

கற்றுக்கொடுக்க உண்மையான மழையளவு வேண்டும். தானியங்கி மழைமானியில் சீசா போல இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். 0.2 அல்லது 0.5 மி.மீ. மழை சேர்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து ஓர் எண்ணைக் கூட்டும். அதை வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் மைலோ டின் போதும். ஒரு விஷயம் கவனியுங்கள்: மைலோ டின்னின் வாய் விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கும். ஸ்கேலை உள்ளே விட்டுத் தண்ணீரின் உயரத்தை அளந்தால் கணக்கு குறையும். வாயின் விட்டத்தை அளந்துகொண்டு, தண்ணீரை மருந்து ஊசிக்குழாயால் உறிஞ்சி மில்லிலிட்டரில் எடுங்கள். வாய் 10 செ.மீ. என்றால் ஒவ்வொரு 7.85 மி.லி.யும் 1 மி.மீ. மழை. டின்னைச் சுவரோரம் வைக்காதீர்கள். சுவரின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. தரைவீட்டில் அதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கிடைத்த திறந்தவெளியில் வையுங்கள், ஆனால் இடத்தை மாற்றாதீர்கள்.

கைப்பேசியில் ஒரு தொல்லை உண்டு. சத்தம் கூடினால் அதுவாகவே குறைத்துக்கொள்ளும், இரைச்சலை வடிகட்டும். நமக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான். ஒலியைத் தொடாமல் பதிவு செய்யும் செயலியைத் தேடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு சின்ன டிஜிட்டல் மைக்கும் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியும் போதும். வாசலில் யார் பேசினாலும் பதிவாகும் என்பதால், ஒலியின் கணக்குகளை மட்டும் சேமித்துவிட்டுக் குரலை அழித்துவிடுங்கள்.

மழை இல்லாத சத்தங்களையும் நிறையப் பதிவு செய்யுங்கள். நான் முதன்முதலில் வைத்த கருவி ஒரு வாரமாக இரவெல்லாம் 'தூறல்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், அடுத்த வீட்டு ஏர்கான் தண்ணீர் எங்கள் தகரத்தில் சொட்டிக்கொண்டிருக்கிறது! தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போகும் உருமி மேளம், தீபாவளிப் பட்டாசு, மழை விட்ட பிறகும் சொட்டும் கூரை விளிம்பு, எல்லாம் பயிற்சியில் இருக்கட்டும். சோதிக்கும்போது ஒரே மழையின் நிமிடங்களைக் கலைத்துப் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைத்தால் மதிப்பெண் பிரமாதமாக வரும், அடுத்த மழையில் மானம் போகும். முழு மழைகளையே தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள்.

துல்லியமான எண் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். வடிகால், நீர்ப்பாசன இலாகா மணிக்கு 10 மி.மீ. வரை லேசானது, 30 வரை மிதமானது, 60 வரை கனமானது, அதற்கு மேல் மிகக் கனமானது என்று பிரிக்கிறது. இந்த நான்கில் எது என்று சொன்னாலே போதும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பினாங்கில் மழைக்குப் பஞ்சமிருக்காது. அப்போது தொடங்குங்கள்.

இனி எச்சரிக்கை மணி. உங்கள் கூரைக்கு உங்கள் வீட்டு மேல் பெய்யும் மழை மட்டும்தான் தெரியும். ஆயர் ஈத்தாமுக்குத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வருகிறது. பினாங்கு கொடிமலைச் சரிவில் கொட்டி, உங்கள் வாசலில் தூறிக்கொண்டிருந்தால் ஏஐ 'லேசானது' என்றுதான் சொல்லும், லோங்காங் நிரம்பிக்கொண்டிருக்கும். தண்ணீர்த் தொட்டிகளில் போடும் மிதவை சுவிட்ச் ஒன்றை லோங்காங் சுவரில், விளிம்புக்கு ஒரு சாண் கீழே பொருத்தி, பேட்டரியில் ஓடும் மணியோடு இணையுங்கள். இந்த வாரமே அதை மாட்டிவிடுங்கள். மைக்கை மகன் நிதானமாகச் செய்யட்டும்.