மலை விளிம்பில் நடப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

சேர்வராயன் மலையின் ஓரங்களில் தனி வழிகாட்டியோடு நடப்பதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

நாங்கள் நான்கு பேர். ஏற்காட்டில் கூட்டத்தோடு போகாமல், எங்களுக்கு மட்டும் ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு மலை ஓரமாக நடக்க ஆசை. முன்பணம் கொடுக்கும் முன் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?
– அஸ்தம்பட்டி வாசகி

பாதை யாருடைய நிலத்தில் போகிறது என்று முதலில் கேளுங்கள். ஏற்காட்டில் காப்புக்காடு, காப்பித் தோட்டம், ஊர்ப் பொதுவழி என்று மூன்றும் ஒரே நடையில் மாறி மாறி வரும். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. சேலம் மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் கூடவே வருவார்கள். முதல்முறை போகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

எஸ்டேட் வழியாகப் போவதென்றால் உரிமையாளரோ மேலாளரோ சம்மதித்திருக்க வேண்டும். “எல்லாம் நான் பாத்துக்கிறேன் சார்” என்ற சொல் அனுமதி ஆகாது. காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோட்டம் முழுக்க ஆட்கள் வேலையில் இருப்பார்கள். அப்போது புதியவர்கள் நுழைவதைப் பல தோட்டங்கள் விரும்புவதில்லை.

அடுத்து, அவர் எந்த ஊர்க்காரர், அந்தப் பாதையில் கடைசியாக எப்போது நடந்தார் என்று கேளுங்கள். ஒரு மழைக்காலம் கடந்தாலே ஒற்றையடிப் பாதை இடம் மாறிவிடும். போன வருடம் பார்த்த பாதையை நம்பி அழைத்துப் போகிறவர் வழியில் நின்று யோசிப்பார். நடுவில் கைபேசி சிக்னல் எங்கெங்கே கிடைக்கும், ஒருவருக்குக் கால் பிசகினால் வண்டி வரக்கூடிய கிட்டத்துச் சாலை எது, முதலுதவிப் பையில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். இவற்றுக்கு உடனே பதில் சொல்பவர்தான் வழி தெரிந்தவர்.

பணத்தில் ஜீப், சாப்பாடு, அனுமதிக் கட்டணம் இவற்றில் எது சேர்த்தி, எது தனி என்பதைக் குறுஞ்செய்தியாக வாங்கிவிடுங்கள். கூடவே, “நீங்கள் திரும்பலாம் என்றால் கேள்வி கேட்காமல் திரும்புவோம், பேசிய தொகையை முழுதாகத் தருவோம்” என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். பாதியில் திரும்பினால் பாதிப் பணம்தான் என்ற பயம் இருக்கிற வழிகாட்டி, மூடுபனியிலும் கூட்டிக்கொண்டு போவார். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியில் பெரும்பங்கு, ‘போதும்’ என்று அவர் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான். வழி காட்டுவதெல்லாம் அதற்கு அடுத்தது.

விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்? பாறை உறுதியாகத்தானே இருக்கிறது?
– ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

பாறை உறுதிதான். அதன்மேல் கிடப்பதற்குத்தான் உறுதியில்லை. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடும்பாறை. பல்லாவரத்துக் கல்லும் இதே வகை. மலையின் உச்சித் தட்டுகளில் இந்தப் பாறை காலங்காலமாக மழையில் ஊறி, மக்கி, செம்மண்ணாகவும் செம்புரைக் கல்லாகவும் மாறியிருக்கிறது. ஏற்காட்டில் பாக்சைட் வெட்டியது இந்த மேல்படலத்தில்தான். ஆகவே பல ஓரங்களில் காலடியில் இருப்பது பொலபொலவென்ற மண்ணும் சரளையும். அதற்குக் கீழேதான் செங்குத்துப் பாறை. மழைநீர் மண்ணை அடியில் அரித்துக்கொண்டு போக, மேலே புல்லும் உண்ணிச்செடி வேரும் மட்டும் கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கத் தரைபோல இருக்கும். மிதித்தால் இறங்கிவிடும்.

வெறும்பாறை ஓரத்திலும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, பாறைமேல் உருளும் சிறுகற்கள். செருப்புக்கடியில் கேழ்வரகைக் கொட்டினதுபோல வழுக்கும். மற்றொன்று, கறுப்பாகப் படிந்திருக்கும் பாசி. காய்ந்திருந்தால் பிடிப்பாக இருக்கும் அதே பாசி, காலைப் பனியில் நனைந்தால் சோப்பு மாதிரி.

அளவு இதுதான்: நீங்கள் வழுக்கிக் குப்புற விழுந்து, கை நீட்டிக் கிடந்தாலும் விரல்நுனி விளிம்பைத் தொடக்கூடாது. பெரியவர் ஒருவருக்கு அது இரண்டு மீட்டருக்கு மேல் வரும். சறுக்கலுக்கும் சேர்த்து மூன்று மீட்டர் வையுங்கள். சரிவு வெளிப்பக்கமாக இருந்தால் இன்னும் தள்ளி. கீழே எட்டிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், வழிகாட்டி காட்டுகிற வெறும்பாறையில் படுத்துப் பாருங்கள். நின்றபடி குனியும்போது முதுகுப்பை தலைப்பக்கம் சரிந்து ஆளைத் தள்ளும். படம் எடுக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போவது எல்லாவற்றையும்விட ஆபத்து. படம் எடுப்பவர், எடுக்கப்படுபவர் இருவருமே நின்ற இடத்தில் நிற்க வேண்டும். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற இடங்களில் கட்டியிருக்கும் தடுப்புக் கம்பி சாய்ந்துகொள்ள அல்ல. அதற்கு அப்பால் போகாதீர்கள் என்பதற்கான எல்லை அது.

எந்த மாதம், எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?
– ஆத்தூர் வாசகர்

டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் காய்ந்திருக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம் என்பதால் காட்டுப்பாதைகளை மூடிவிடுவது வழக்கம். திறந்திருக்கும் எஸ்டேட் ஓரங்களிலும் அப்போது பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும். விளிம்பில் நிற்பவர்களைத் தேடிக்கொண்டு வருவதுபோல வரும்.

ஏப்ரல், மே கோடை மழை பிற்பகலில் இடியோடு வரும். காலை ஆறரைக்குத் தொடங்கி, மதியம் ஒரு மணிக்குள் ஓரத்தை விட்டு உள்ளே வந்துவிடுங்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே இறங்க வேண்டும். தனிமரத்தடி, பாறைப் பொந்து இரண்டிலும் ஒதுங்கக் கூடாது. கட்டடம் அல்லது மூடிய வண்டிதான் அடைக்கலம்.

மூடுபனி சூழ்ந்தால் நடையை நிறுத்துங்கள். முன்னால் போகிறவரின் முதுகு பத்தடியில் மறைகிறது என்றால் விளிம்பும் அப்படித்தான் மறைந்திருக்கும். விளிம்பிலிருந்து விலகி உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் விலகிவிடும். விலகாவிட்டால் வந்த தடத்திலேயே திரும்புவதுதான் வழி. குறுக்குவழி தேட வேண்டாம்.

அப்பாவுக்கு 62 வயது, மூட்டுவலி உண்டு. கிளியூர் அருவிக்கு இறங்கிவிட்டு அப்படியே ஓரப்பாதையில் நடக்கலாமா?
– ஓமலூர் வாசகி

இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வழக்கமான மலைநடையில் ஏற்றம் முன்னால் வரும், களைத்த பிறகு இறங்குவோம். கிளியூரில் தலைகீழ்: புத்துணர்ச்சியோடு இறங்கிவிட்டு, களைத்த காலோடு ஏற வேண்டும். முழங்காலுக்கு வலி கொடுப்பது இறக்கம், மூச்சுக்குச் சோதனை ஏற்றம். அப்பாவுக்கு அங்கே இரண்டும் உண்டு. தண்ணீர் நிறைந்திருக்கும் நாட்களில் படிகளும் வழுக்கும்.

நேரத்தை இப்படிக் கணக்கிடலாம். சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏற்றம் 600 மீட்டருக்கு ஒரு மணி நேரம். எட்டுக் கிலோமீட்டர் நடை, 300 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு மணி ஆறு நிமிடம். இது பழகிய காலுக்கு. குடும்பத்தோடு போனால் ஒன்றரை மடங்கு, அதாவது மூன்று மணி பத்து நிமிடம். மூட்டுவலி இருப்பவருக்கு இரண்டு மடங்கு வையுங்கள். வழிகாட்டி சொல்லும் நேரம் அவருடைய கால் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஊன்றுகோல் இரண்டு கொடுங்கள். சமதளத்தில் பிடித்து நின்றால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். இறக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளலாம். சிறு அடியாக, முழங்காலை லேசாக மடக்கியே இறங்கச் சொல்லுங்கள். இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

தண்ணீர், தின்பண்டம், ஷூ?
– தாதகாப்பட்டி வாசகர்

மணிக்கு அரை லிட்டர். நான்கு மணி நடைக்கு இரண்டு லிட்டர், கையிருப்பாக அரை லிட்டர். ஏற்காடு சேலத்தைவிடச் சுமார் 1,200 மீட்டர் உயரம், அதனால் ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. தாகம் தெரியாது, ஆனால் வேர்வை போய்க்கொண்டேதான் இருக்கும். ஓ.ஆர்.எஸ். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. புளிச்சோறு, கடலைமிட்டாய் போதும். தட்டுவடை செட் வேண்டுமானால் தட்டுவடையை மட்டும் கொண்டுபோங்கள். காய் வைத்துக் கட்டினால் மேலே போவதற்குள் நமத்துவிடும்.

வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஷூவை அன்றைக்கு எடுக்காதீர்கள். அடிப்பாகம் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே உளுத்திருக்கும். நடுவழியில் கழன்று வாய் பிளக்கும். முந்தின வாரமே போட்டு ஒரு மணி நேரம் படியேறிப் பாருங்கள். கால்நகத்தை வெட்டிவிட்டு, இறக்கம் தொடங்கும் இடத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பெருவிரல் முனையில் மோதி மோதி நகம் கறுத்துவிடும்.

தேனீ, காட்டுமாடு பயம் உண்டா?
– வாழப்பாடி வாசகர்

உண்டு. மலைத்தேனீ செங்குத்துப் பாறையின் அடிவயிற்றில்தான் அடை கட்டும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. புகை, கல்லெறி, கூச்சல், கடும் வாசனைத் திரவியம் இவை அதைக் கிளப்பும். காலையில் சென்ட் அடிக்காமல் கிளம்புங்கள். கூட்டம் கிளம்பினால் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, விளிம்பை விட்டு விலகும் திசையில், எங்கும் நிற்காமல் ஓடுங்கள். கையால் அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயின் வாசனை மற்றவற்றையும் அழைக்கும். தண்ணீரில் குதித்தாலும் அவை மேலேயே காத்திருக்கும். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தாமதிக்காமல் 108.

காட்டுமாடு விடியலிலும் மாலையிலும் தோட்ட ஓரங்களில் மேயும். ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் விலகி, அது போகும் வழியை விட்டுவிடுங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் அகப்படக் கூடாது.

கண்ணில் படாத இன்னொன்றும் இருக்கிறது. புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் வரலாம். முழுக்கால் சட்டை போட்டு, வீடு திரும்பியதும் துணியை மாற்றிக் குளித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், புதரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பில் சிகரெட் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு இருந்தால் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தில் எளிதாகக் குணமாகும்.

எங்கள் நாயையும் கூட்டிப் போகலாமா?
– நாகலூர் போக இருக்கும் வாசகி

வேண்டாம். காட்டுமாட்டைப் பார்த்துக் குரைத்துவிட்டு அது உங்களிடம்தான் ஓடிவரும். பின்னாலேயே மாடும் வரும்.

ஏற்காடு பழகிவிட்டது. கடலோரப் பாறைமுகட்டில் நடக்க வர்க்கலா போகிறோம். என்ன வித்தியாசம்?
– சூரமங்கலம் வாசகர்

சேலம் சந்திப்பிலிருந்து வர்க்கலா சிவகிரிக்கு நேர் ரயிலே இருக்கிறது. ஆனால் அங்கே போனதும் ஏற்காட்டுப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே மண்ணுக்குக் கீழே கடும்பாறை. அங்கே மேலே செம்புரைக் கல், அதன்கீழ் மணற்கல்லும் களிமண்ணும். மழைநீர் செம்புரைக் கல்லின் துளைகள் வழியாக இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் தேங்கும். ஊறிய மணற்கல் கனத்து, களிமண்மேல் வழுக்கிச் சரியும். அடியிலிருந்து அலையும் அரிக்கிறது. ஆகவே முகடே பெயர்ந்து விழும். தென்மேற்குப் பருவமழை முடிந்து வெயில் அடித்தாலும் சில நாள் ஓரத்தை நம்ப வேண்டாம். விளிம்புக்கு இணையாகத் தரையில் வெடிப்பு தெரிந்தால், அதற்கு உட்புறமாக இன்னும் விலகி நடங்கள். இங்கே மூன்று மீட்டர் என்றால் அங்கே ஐந்து.

முகட்டின் அடியில், கடற்கரையில் பாறையோரமாகத் துண்டு விரித்துப் படுப்பவர்களைப் பார்ப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். மேலேயிருந்து கல் உதிரும் இடம் அது.

பாபநாசம் கடற்கரையிலிருந்து வடக்கே ஓடையம் வழியாகக் காப்பில் வரை நடப்பதானால் காலையில் கிளம்புங்கள், நிழல் குறைவு. ஓதத்தால் நீர்மட்டம் ஏறுவது அங்கே அதிகமில்லை. பயப்பட வேண்டியது கள்ளக்கடலுக்கு. தொலைவில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இறந்தபோது இந்த எச்சரிக்கை அமலில் இருந்தது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. கிளம்பும் அன்று காலை அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் மணல்வழி வேண்டாம், மேல்வழியே நடங்கள். இல்லாவிட்டாலும், கீழே இறங்கும் முன் அடுத்து மேலேறும் படி எங்கே இருக்கிறது, அங்கே போக எத்தனை நிமிடம் ஆகும் என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.