பம்ப் கம்பெனியில் உழைத்த இரண்டு ஆண்டுகளை ஏன் மறைக்கிறீர்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

முனைவர் பட்ட விண்ணப்பத்துக்காக நீங்கள் தயாரித்த சுயவிவரக் குறிப்பை இரண்டு முறை படித்தேன். இயந்திரவியலில் பி.இ. முடித்தது 2021. வெப்பப் பொறியியலில் எம்.இ. சேர்ந்தது 2023. நடுவில் என்ன செய்தீர்கள் என்று தேடினால், உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் விடை கிடைத்தது. கோயம்புத்தூரில் மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் இணைந்த மோனோபிளாக் பம்ப் தயாரிக்கும் நிறுவனமொன்றின் சோதனைப் பிரிவில் வேலை. "பம்ப் கம்பெனி என்று சொன்னால் குறைவாக நினைப்பார்கள், எடுத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. விண்ணப்பத்தில் மிக வலுவான பகுதியை உங்கள் கையாலேயே அழித்திருக்கிறீர்கள்.

உங்கள் எம்.இ. ஆய்வு எதைப் பற்றியது? பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்குள் நீர் ஓடுவதைக் கணினியில் கணக்கிடுவது. அதே இம்பெல்லரை இரண்டு ஆண்டுகள் டெஸ்ட் பெட்டில், அதாவது சோதனை மேடையில், ஓடவிட்டுப் பார்த்தவர் நீங்கள். வால்வைப் படிப்படியாக மூடி, ஒவ்வொரு நிலையிலும் டிஸ்சார்ஜ் (வெளியேறும் நீரின் அளவு), ஹெட் (நீரை ஏற்றும் உயரம்), மோட்டார் இழுக்கும் மின்சாரம் மூன்றையும் குறித்து, பம்புகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 9079-க்குள் வருகிறதா என்று சொன்னவர். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் நீராவிக் குமிழிகள் தோன்றி உடையும்போது, பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் ஒரு சத்தம் வருமே, அதைக் காதால் கேட்டவர். இதைக் குறிக்கும் கேவிட்டேஷன் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே சந்தித்த மாணவர்களுக்கு நடுவில் இது சிறிய தகுதியா?

ஆகவே அந்த வேலையை எம்.இ. ஆய்வுக்கு நேர் மேலே வையுங்கள். "சோதனைப் பிரிவில் பணியாற்றினேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். எத்தனை குதிரைத்திறன் பம்புகள், எந்தக் கருவியால் எதை அளந்தீர்கள், அளவுகள் முரண்பட்டபோது என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கேட்டால் விளக்க முடிந்த எண்களை மட்டும் போடுங்கள்.

ஆய்வுப் பகுதியில் எனக்கு வேறொரு குறை. நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளைக் குறிப்பிட்டு, "ஆன்சிஸ் ஃப்ளூயன்ட் மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டது" என்கிறீர்கள். யாரால் செய்யப்பட்டது? நம் கல்லூரி ஆய்வேடுகள் எல்லாமே இந்த "செய்யப்பட்டது" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. கணக்கிடும் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ்ஷை நீங்களே உருவாக்கினீர்களா, அதை இன்னும் நுணுக்கமாக்கியபோது விடை மாறாமல் நின்றதா, நீரின் கொந்தளிப்பைக் கணக்கிடும் கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. மாதிரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், கணக்கில் வந்த ஹெட்டுக்கும் அளந்த ஹெட்டுக்கும் எவ்வளவு வேறுபாடு: இந்த நான்கும் ஒரு பத்தியில் அடங்கும். வேறுபாடு அதிகமாக இருந்தாலும் எழுதுங்கள். அது ஏன் வந்தது என்று யோசித்தவரைத்தான் வழிகாட்டிகள் தேடுகிறார்கள்.

கட்டுரை இன்னும் பரிசீலனையில் இருந்தால் "பரிசீலனையில்" என்றே குறிப்பிடுங்கள். பணம் கட்டினால் நான்கு நாளில் வெளியிடும் இதழ்களின் பக்கம் போகவே வேண்டாம். அப்படிப்பட்ட இதழின் பெயர் உங்கள் கட்டுரைப் பட்டியலில் ஏறிவிட்டால் பின்னால் நீக்குவது கடினம்.

நேர்காணலில் உங்கள் பம்பிலிருந்தே கேள்வி வரும். வேகத்தை இரு மடங்காக்கினால் டிஸ்சார்ஜ் இரு மடங்கு, ஹெட் நான்கு மடங்கு, தேவைப்படும் திறன் எட்டு மடங்கு ஆகும் என்று சொல்லிவிடுவீர்கள். "ஏன்?" என்று கேட்பார்கள். கரும்பலகையில் அதை வருவித்துக் காட்டப் பழகுங்கள். ஓடும் நீரின் அழுத்தம், வேகம், உயரம் மூன்றையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாடு எங்கே செல்லாது என்பதையும் பார்த்துவையுங்கள். மென்பொருள் பட்டியலுக்கு அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

அப்பாவின் கவலை நியாயமானது. இன்னும் எத்தனை ஆண்டு படிப்பு என்று அவர் கேட்பதில் கோபத்தைவிட வீட்டுக் கணக்குதான் அதிகம். அவரிடம் எண்ணைச் சொல்லுங்கள். மத்திய அரசின் இளநிலை ஆய்வு நிதி 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஆய்வில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000. ஆனால் எல்லா இடங்களும் இதே தொகையைத் தருவதில்லை. நிதியில்லாத இடத்தில் முழுநேர ஆய்வில் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் குடும்ப நிலையில் அது வீட்டுக்குச் சுமையாகிவிடும். முதுநிலைப் பட்டம் உள்ளவர்களுக்குக் கேட் (GATE) என்ற பொறியியல் தகுதித் தேர்வின் மதிப்பெண் எல்லா இடங்களிலும் கட்டாயமில்லை என்றாலும் ஒரு முறை எழுதிவிடுங்கள். மூன்று ஆண்டுகள் செல்லும் அந்த மதிப்பெண் இருந்தால், ஆய்வில் இடம் கிடைக்காவிட்டாலும் சில பொதுத்துறை நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று. பழைய நிறுவனத்தின் சோதனை அளவுகளை ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே உங்கள் பழைய மேலாளரை நேரில் பார்த்துக் கேளுங்கள். அவர் மறுத்தால் அந்த எண்களை எடுத்துவிட்டு, கல்லூரி ஆய்வகத்து பம்பில் புதிதாக அளந்துகொள்ளுங்கள். அளக்கும் வேலை உங்களுக்குப் புதிதல்லவே.