ஊர்ப் பெரியவர் மட்டுமே பேசும் கூட்டத்தில் மற்றவர்களின் குரலைக் கேட்பது எப்படி?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் அமைதிப் பேச்சு நடந்துவருகிறது. கிராம மக்களின் கருத்தைத் திரட்டித் தரும் பொறுப்பு எங்கள் சிறு தொண்டு நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. கூட்டம் போட்டால் ஊர்ப் பெரியவர் மட்டும் பேசுகிறார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிவிடாதீர்கள். ஆயுதம் ஏந்தியவர்கள் இரவில் வந்துபோகும் ஊரில், நாலு பேர் முன்னால் சொன்ன சொல் யார் காதுக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். படம் எடுக்காதீர்கள். நிதி தருபவர் கணக்குக் கேட்டால் தலை எண்ணிக்கை மட்டுமே தர முடியும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். எதை யார் சொன்னது என்பது உங்கள் குறிப்பேட்டில்கூட இருக்கக் கூடாது.

கேள்வியையும் மாற்றுங்கள். ‘அமைதியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்றால் ‘நல்லது நடக்கட்டும்’ என்றுதான் சொல்வார்கள். ஐந்தாறு பேராக உட்காருங்கள்; பெண்கள் தனியாக, நிலமில்லாத கூலியாட்கள் தனியாக, ஆடுமாடு மேய்ப்பவர்கள் தனியாக. ஒரு குச்சியைக் கொடுத்து மண்ணில் ஊரை வரையச் சொல்லுங்கள். கிணறு வரும், பாதை வரும். பிறகு, ‘இருட்டினால் எந்தப் பக்கம் போக மாட்டீர்கள்?’ என்று கேளுங்கள். குச்சி ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே சோதனைச் சாவடி இருக்கலாம், கண்ணிவெடிக்குப் பயந்து கைவிட்ட மேய்ச்சல் நிலம் இருக்கலாம், இடம்பெயர்ந்தவரின் வயலை வேறொருவர் உழுதுகொண்டிருக்கலாம். பேச்சுமேசைக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியது இதைத்தான். பெண்களும் ஆண்களும் வரைந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். விறகு பொறுக்கப் போகும் தடம் பெரும்பாலும் பெண்கள் வரைந்ததில்தான் இருக்கும். கிளம்பும் முன் படத்தைக் காலால் அழித்துவிடுங்கள்.

பெரியவரை ஒதுக்கிவிட்டு இதையெல்லாம் செய்ய முடியாது. முதலில் அவரைப் பாருங்கள், எதற்காகத் தனித்தனியாகப் பேசுகிறீர்கள் என்று விளக்குங்கள். 1993-இல், சோமாலியாவிலிருந்து பிரிந்து நின்ற சோமாலிலாந்தின் போரமா நகரில் குலங்களின் சார்பில் 150 பெரியவர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசித்தான் ஓர் ஆட்சியமைப்பை உருவாக்கினார்கள். ஆனால் அங்கே பெண்களுக்கு வாக்கு இல்லை. அதே காலத்தில் வடகிழக்குக் கென்யாவின் வஜீரில் குலச் சண்டை மூண்டபோது, பெண்கள் சந்தையிலிருந்து தொடங்கினார்கள்: எந்தக் குலத்துப் பெண்ணும் அங்கே பயமின்றி வாங்கலாம், விற்கலாம். அதன்பின் பெரியவர்களையும் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வாசல் எது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

உழவும் அறுவடையும் நடக்கும் நாட்களில் போகாதீர்கள். ஒரு நாள் கூலியை விட்டு வருபவருக்கு அந்தக் கூலியைக் கொடுங்கள். எதையும் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது, கேட்டதற்கான பதிலை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோவதில்தான். கொலம்பிய அரசும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களும் கியூபாவின் ஹவானாவில் நான்கு ஆண்டுகள் பேசினார்கள். நிலமும் கிராமமும்தான் அங்கே முதல் பொருள். 2014-இல் பாதிக்கப்பட்டவர்கள் 60 பேர், ஐந்து குழுக்களாக நேரில் வந்து பேசினார்கள். இருந்தும், 2016 ஆகஸ்டில் முடிவான 297 பக்க உடன்பாடு ஆறு வாரத்துக்குள் வாக்கெடுப்புக்குப் போனபோது, 50.2 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். 2002-இல் தேவாலயத்தில் குண்டு விழுந்து பலரைப் பறிகொடுத்த பொஹாயா என்ற ஊரிலோ ஏறக்குறைய 96 சதவீதம் ‘வேண்டும்’. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் அவ்வளவு பெரிய ஆவணம் ஊர் ஊராகப் போய்ச் சேர ஆறு வாரம் எப்படிப் போதும்?

ஆகவே அதே ஊர்களுக்கு மறுபடியும் போங்கள். நீங்கள் சொன்னதில் இதை ஏற்றார்கள், இதை மறுத்தார்கள், காரணம் இது என்று அவர்கள் பேச்சுமொழியிலேயே சொல்லுங்கள். மறுத்ததைச் சொல்லக் கூசாதீர்கள். முதல் தடவை வாய் திறக்காதவர் இந்தத் தடவை பேசக்கூடும். இந்த இரண்டாவது பயணத்துக்கான பணத்தை இப்போதே திட்டச் செலவில் தனியாக எழுதி வையுங்கள். மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் மிஞ்சாது.